கூற்று யாருடையது? எவன்ஸ், பென்ட்லி வாக்குமூலங்களும் பனுவல் ஆய்வும்

முன்னுரை

பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முற்படுவோர்க்கு முதற்கண் எழும் வினா, கண்முன் உள்ள பாடம் நூலாசிரியருடையதுதானா என்பதாகும். ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழையும், கற்றோர் செய்த திருத்தமும், பிற்காலத்தார் செருகலும் ஒரே பாடத்துள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தறிந்து மூலத்தை மீட்பதையே சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டனர். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் தனியே பிரித்து அச்சிடப்படுதலும் இவ்வாய்வின் பயனே.

இதே வினா, இலக்கியப் பனுவலை விடுத்து நீதிமன்ற ஆவணம் ஒன்றின்மீது எழுப்பப்படுமாயின், அதன் விடையில் ஓர் உயிர் அடங்கியிருத்தல் கூடும். இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டு திமோதி எவன்ஸ் என்பாரும், 1953ஆம் ஆண்டு டெரிக் பென்ட்லி என்பாரும் தூக்கிலிடப்பட்டனர். இருவரும் அறிவுவளர்ச்சி குன்றியோர்; எழுதப் படிக்கத் தெரியாதவர் எனத்தக்க நிலையினர். எனினும், இருவர்மீதும் சுமத்தப்பட்ட குற்றத்தை நிறுவுவதில், அவர்கள் 'சொல்ல', காவலர் 'எழுதிய' வாக்குமூலங்கள் பெரும்பங்கு வகித்தன. அவ்வாக்குமூலங்களின் மொழியை மொழியியலார் ஆராயத் தொடங்கியது இருவரும் இறந்த பின்னரே. தடயவியல் மொழியியல் என்னும் துறையின் தொடக்ககால வரலாறு இவ்விரு ஆவணங்களோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வரலாற்றை முறைப்படுத்திக் கூறி, பனுவல் ஆய்வு அவ்வழக்குகளில் எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எவன்ஸின் வாழ்வும் வழக்கும்

திமோதி ஜான் எவன்ஸ் 1924ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் மெர்தர் வேல் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் காலம் தாழ்ந்தே பேசத் தொடங்கினார். எட்டு வயதளவில் காலில் ஏற்பட்ட புண் ஆறாது நெடுங்காலம் துன்புறுத்தியதால் பள்ளிக்கல்வி மீண்டும் மீண்டும் தடைப்பட்டது. வளர்ந்த பின்னும் தம் பெயரை எழுதுவதற்கு மேல் எழுத்தறிவு அவருக்கு வாய்க்கவில்லை. அவரது அறிவுநிலை பத்து, பதினொரு வயதுச் சிறுவனுடையதை ஒத்தது என்பது அவ்வழக்கு பற்றிய நூல்களில் பரவலாகப் பதிவாகியுள்ளது. நடந்தவற்றை மிகைப்படுத்திக் கதைபோலக் கூறும் இயல்பும் அவரிடம் இருந்தது. இவ்வியல்பு பின்னர் அவருக்கே பகையாயிற்று.

1947இல் பெரில் என்பாரை மணந்த எவன்ஸ், 1948இல் இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் ரிலிங்டன் பிளேஸ் 10ஆம் எண் வீட்டின் மேல்தளத்திற்குக் குடிபெயர்ந்தார். அங்கு வேன் ஓட்டுநராகப் பணிபுரிந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜெரால்டின் என்னும் பெண்குழந்தை பிறந்தது. அவ்வீட்டின் தரைத்தளத்தில் ஜான் கிறிஸ்டி என்பவர் மனைவியுடன் வாழ்ந்தார். இவர் போர்க்காலத்தில் துணைக்காவலராகப் பணியாற்றியவர்.

1949ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெரில் மீண்டும் கருவுற்றார். வறுமையும் கடனும் சூழ்ந்த நிலையில் கருவைக் கலைக்க விரும்பினார். நவம்பர் 30 அன்று எவன்ஸ், வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் காவல் நிலையத்திற்குத் தாமாகவே சென்று, மனைவியின் உடலைச் சாக்கடையில் போட்டுவிட்டதாகக் கூறினார். டிசம்பர் 2 அன்று ரிலிங்டன் பிளேஸ் வீட்டின் பின்புறம் இருந்த துணி துவைக்கும் அறையில் பெரில், ஜெரால்டின் இருவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. இருவரும் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டிருந்தனர்.

1950 ஜனவரி 11 அன்று ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காகவே எவன்ஸ் விசாரிக்கப்பட்டார். கொலை செய்தவர் கிறிஸ்டியே என்பது அவர் வாதம். அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியோ அதே கிறிஸ்டி. மூன்று நாள் விசாரணைக்குப் பின் ஜூரியினர் சுமார் நாற்பது நிமிடங்களில் குற்றவாளி என முடிவு செய்தனர். மேல்முறையீடு பிப்ரவரியில் தள்ளுபடியாயிற்று. மார்ச் 9 அன்று பென்டன்வில் சிறையில் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1953 மார்ச்சில், கிறிஸ்டி காலி செய்து சென்ற அதே வீட்டின் சமையலறைச் சுவரை அடுத்த மறைவிடத்தில் மூன்று பெண்களின் உடல்கள் வெளிப்பட்டன. தரைப்பலகைக்கு அடியில் அவர் மனைவியின் உடலும், தோட்டத்தில் இருவரின் எலும்புகளும் கிடைத்தன. தோட்டத்தில் புதைக்கப்பட்ட இருவரும் எவன்ஸ் குடிவருவதற்கு முன்பே, 1943, 1944ஆம் ஆண்டுகளில், கொல்லப்பட்டவர்கள். 1949இல் காவலர் அவ்வீட்டைச் சோதித்தபோது, தோட்டத்து வேலித்தட்டிக்கு மனிதத் தொடையெலும்பு ஒன்று முட்டுக்கொடுக்கப்பட்டிருந்ததும் அவர்கள் கண்ணிற்படவில்லை. பெரிலைத் தாமே கொன்றதாகக் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். குழந்தையின் கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் 1953 ஜூலை 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

நான்கு வாக்குமூலங்கள்

எவன்ஸ் அளித்தனவாக நான்கு வாக்குமூலங்கள் உள்ளன. முதலிரண்டும் நவம்பர் 30 அன்று மெர்தர் டிட்ஃபிலில் எழுதப்பட்டவை. பின்னிரண்டும் டிசம்பர் 2 இரவு நாட்டிங் ஹில் காவல் நிலையத்தில் எழுதப்பட்டவை.

முதல் வாக்குமூலத்தின்படி, வழியில் தேநீர்க்கடையில் கண்ட ஒருவர் கொடுத்த கருக்கலைப்பு மருந்தை உண்டு பெரில் இறந்தார்; எவன்ஸ் உடலைத் தெருச் சாக்கடைக் குழியில் இட்டார். இலண்டன் காவலர் அக்குழியின் மூடியைத் திறக்க மூன்று பேர் சேர்ந்து முயல வேண்டியிருந்தது. உள்ளே உடல் இல்லை. இச்செய்தி தெரிவிக்கப்பட்டதும் எவன்ஸ் இரண்டாம் வாக்குமூலம் அளித்தார். கருவைக் கலைப்பதாகக் கிறிஸ்டி முன்வந்தார், அம்முயற்சியில் பெரில் இறந்தார், உடலைத் தாம் அப்புறப்படுத்துவதாகவும் குழந்தையை வளர்ப்போரிடம் ஒப்படைப்பதாகவும் கிறிஸ்டி கூறினார் என்பன அதன் செய்திகள். முதலில் கிறிஸ்டியைக் காட்டிக்கொடுக்காதிருக்கவே பொய் சொன்னதாகவும் அதில் கூறினார்.

மூன்றாம், நான்காம் வாக்குமூலங்கள் முற்றிலும் வேறானவை. மூன்றாவது மிகச் சுருக்கமானது. மனைவி மேன்மேலும் கடன்பட்டதைப் பொறுக்காமல் கயிற்றால் நெரித்துக் கொன்றதாகவும், பின்னர் குழந்தையையும் கொன்றதாகவும் கூறுவது. நான்காவது அதனையே நாள்வாரியாக விரித்துரைப்பது. உடல்கள் எப்பொருளால் சுற்றப்பட்டிருந்தன, எங்கு மறைக்கப்பட்டன முதலிய செய்திகள் இவ்விரண்டிலும் உள்ளன. அவற்றை எவன்ஸ் தாமே கூறினார் என்பது காவலர் தரப்பு. உடல்கள் கிடைத்த இடத்தையும் நிலையையும் காவலரே தமக்கு முன்னர்த் தெரிவித்தனர் என்றும், மகளும் இறந்தாள் என அறிந்தபின் வாழும் விருப்பமற்றும், காவலர் அடிப்பர் என்னும் அச்சத்தாலும் ஒப்புக்கொண்டதாகவும் எவன்ஸ் நீதிமன்றத்தில் கூறினார்.

வாக்குமூலத்தின் உள்ளடக்கம் புறச்சான்றோடு முரண்படுமிடமும் உண்டு. நவம்பர் 8, 10 ஆகிய நாட்களில் உடல்களைத் துவைக்கும் அறையில் வைத்ததாக நான்காம் வாக்குமூலம் கூறுகிறது. அந்நாட்களில் அவ்வீட்டில் பழுதுபார்ப்புப் பணி நடைபெற்றது. பணியாளர்கள் அவ்வறையைப் பயன்படுத்தி வந்தனர். அங்கு எந்த உடலையும் அவர்கள் காணவில்லை. இச்செய்தி ஜூரியின்முன் வைக்கப்படவில்லை என்பதனை லுடோவிக் கென்னடி 1961இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார்.

நடையின் சான்று

உள்ளடக்கத்திற்கு அப்பால் நடையும் ஐயத்தை எழுப்பியது. மூன்றாம் வாக்குமூலத்தில் கடன்படுதலைக் குறிக்க ஆளப்பட்டுள்ள 'இன்கர்ரிங்' என்னும் ஆங்கிலச் சொல் அலுவலகக் குறிப்புகளில் வழங்குவது. எழுத்தறியாத ஓட்டுநர் ஒருவரின் நாவில் இயல்பாக வருவதன்று. 'கடன் மேல கடன் வாங்கினா' என்று பேசக்கூடிய ஒருவர், 'தொடர்ச்சியாகக் கடன் பொறுப்புகளுக்கு உள்ளானார்' என்று கூறியதாக எழுதப்பட்டிருப்பின் தமிழ் வாசகருக்கு எழும் ஐயத்தை இது ஒக்கும்.

ஆயினும் ஒரு சொல்லை மட்டும் கொண்டு ஆசிரியத்துவத்தை முடிவு செய்தல் ஆகாது. இவ்விடத்தில்தான் ஸ்வீடன் நாட்டு ஆங்கில மொழியியலறிஞர் யான் ஸ்வார்ட்விக்கின் பங்களிப்பு தொடங்குகிறது. இவர் 1968ஆம் ஆண்டு எவன்ஸின் வாக்குமூலங்களைத் தனி ஆய்வுநூலாக ஆராய்ந்து வெளியிட்டார். அந்நூலின் துணைத்தலைப்பிலேயே 'தடயவியல் மொழியியல்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் இடம்பெற்றது. ஒரு துறையின் பெயராக அத்தொடர் நிலைபெற்றது இதன்வழியே எனலாம்.

ஸ்வார்ட்விக் பின்பற்றிய முறை எளிமையானது. வாக்குமூலங்களைத் தொடர்களாகப் பகுத்தார். ஒரு தொடர் அடுத்த தொடரோடு எவ்வகையில் இணைக்கப்படுகிறது, எழுவாய் மீண்டும் கூறப்படுகிறதா, தொக்கு நிற்கிறதா, சார்புத்தொடர்கள் எத்துணை என்பனவற்றைக் கணக்கிட்டார். எவன்ஸே கூறினார் என்பதில் யாரும் மாறுபடாத பகுதிகளையும், கொலையை ஒப்புக்கொள்ளும் சர்ச்சைக்குரிய பகுதிகளையும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டார். இவ்விரு வகைப் பகுதிகளிலும் தொடரமைப்பு அளவிடத்தக்க வகையில் வேறுபடுவதைக் கண்டார். ஒரே வாக்குமூலத்துள், ஒரே இரவில், ஒருவரே தொடர்ந்து பேசியதாகக் கூறப்படும் பனுவலுள் இருவேறு நடைகள் இருந்தன.

தரவு சிறிதாகையால் ஸ்வார்ட்விக் தம் முடிவை எச்சரிக்கையோடே முன்வைத்தார். எவன்ஸ் குற்றமற்றவர் என்று அவர் வாதிட முற்படவில்லை. மொழியின்வழி அளந்து காட்டத்தக்க ஒன்று அங்குள்ளது என்பதே அவர் நிறுவியது. பதிப்பாசிரியர் ஒருவர் யாப்பும் சொல்வழக்கும் மாறுபடும் பாடலை மிகை என ஒதுக்கும்போது மேற்கொள்ளும் நெறியும் இதுவே.

பென்ட்லியும் ஒரு சிறுசொல்லும்

இரண்டாம் வழக்கு 1952 நவம்பர் 2 இரவு குராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் நிகழ்ந்தது. திருடச் சென்ற இருவருள் கிறிஸ்டஃபர் கிரெய்க் 16 வயதினர், துப்பாக்கி வைத்திருந்தார். டெரிக் பென்ட்லிக்கு வயது 19. கிரெய்க் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்னும் காவலர் உயிரிழந்தார். அதற்குச் சுமார் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பே பென்ட்லி காவலரின் பிடியில் இருந்தார். சுட்டவர் சிறார் என்பதால் தூக்கிலிருந்து தப்பிச் சிறை சென்று 1963இல் விடுதலையானார். சுடாதவர் 1953 ஜனவரி 28 அன்று வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஜூரியினர் கருணை காட்டுமாறு பரிந்துரைத்திருந்தும் உள்துறை அமைச்சர் அதனை ஏற்கவில்லை.

பென்ட்லி வலிப்பு நோயுடையவர். 1948இல் சீர்திருத்தப் பள்ளியில் அளவிட்டபோது அவரது நுண்ணறிவு எண் 66. 1952இல் சிறையில் அளவிட்டபோது 77. அவரது அறிவுநிலை பற்றிய சான்று ஜூரியின்முன் வைக்கப்படவில்லை. 'அவனுக்கு அதைக் கொடு' என நேர்ப்பொருள் தரும் ஆங்கிலத் தொடர் ஒன்றைப் பென்ட்லி கிரெய்க்கை நோக்கிக் கூவியதாகக் காவலர் சாட்சியம் கூறினர். துப்பாக்கியை ஒப்படைத்துவிடு எனவும், சுட்டுவிடு எனவும் இருபொருள் படும் தொடர் அது. இரட்டுற மொழிதல் இலக்கியத்தில் அணியாக நிற்பது. இங்கோ, இரண்டனுள் ஒரு பொருளை மட்டும் நீதிமன்றம் ஏற்றது. அப்படியொரு தொடரே கூறப்படவில்லை என்பது குற்றஞ்சாட்டப்பட்ட இருவரின் வாதமுமாகும்.

பென்ட்லியின் வாக்குமூலம் 582 சொற்களைக் கொண்டது. வினா எதுவும் எழுப்பப்படாமல் அவர் தாமே தொடர்ந்து கூற, தாங்கள் எழுதியதாகக் காவலர் உறுதி கூறினர். பிரிட்டன் மொழியியலறிஞர் மால்கம் கூல்தார்ட் இவ்வுறுதிமொழியை மொழித்தரவின் துணைகொண்டு சோதித்து 1994இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

அவர் எடுத்துக்கொண்டது 'பின்னர்' எனப் பொருள்படும் 'தென்' என்னும் சிறுசொல். பென்ட்லியின் வாக்குமூலத்தில் இச்சொல் சராசரியாக 58 சொற்களுக்கு ஒரு முறை வருகிறது. பொதுமக்களின் சாட்சியுரைகளில் அது 930 சொற்களுக்கு ஒரு முறையும், காவலர் அளித்த உரைகளில் 78 சொற்களுக்கு ஒரு முறையும் வந்தது. மேலும், பேச்சாங்கிலத்தில் 'தென் ஐ' என்பதே பெருவழக்கு. எழுவாயை முன்னிறுத்தி 'ஐ தென்' என்பது மிக அரிது. பேச்சாங்கிலத் தரவகம் ஒன்றில் இவ்வமைப்பு 1,65,000 சொற்களுக்கு ஒரு முறை வந்தது. காவலர் உரைகளில் 119 சொற்களுக்கு ஒரு முறையும், பென்ட்லியின் வாக்குமூலத்தில் 190 சொற்களுக்கு ஒரு முறையும் காணப்பட்டது. நேரத்தையும் நிகழ்வு வரிசையையும் துல்லியமாகக் குறிக்க வேண்டிய காவலரின் அறிக்கை நடை, பென்ட்லியின் பேச்சாக வேடமிட்டு நிற்கிறது என்பது கூல்தார்ட்டின் முடிபு.

இரண்டாவது சான்று எதிர்மறைத் தொடர்கள் பற்றியது. கதை கூறுவோர் நிகழ்ந்தவற்றைக் கூறுவர். நிகழாதவற்றைக் காரணமின்றிக் கூறார். பென்ட்லியின் வாக்குமூலத்தில் தமக்குத் தெரியாது, தாம் செய்யவில்லை என்னும் பொருள்பட வரும் தொடர்கள் திடீரெனத் தோன்றுகின்றன. ஒரு வினாவுக்கு 'இல்லை' என்று கூறிய விடையே இவ்வாறு முழுத்தொடராக விரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கிரெய்க் துப்பாக்கியைப் பயன்படுத்தப் போகிறார் எனத் தமக்குத் தெரியாது என்னும் தொடர் அவற்றுள் ஒன்று. அதற்கு முன் வாக்குமூலத்தில் எத்துப்பாக்கியும் குறிக்கப்படவில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் அறிந்த பொருளைச் சுட்டும் 'த' என்னும் சார்படை அங்கு இடம்பெற்றுள்ளது. தமிழில் முன்னர்க் கூறாத ஒன்றை 'அந்தத் துப்பாக்கி' எனச் சுட்டுவதற்கு இஃது ஒப்பாகும். துப்பாக்கி இருந்ததைப் பென்ட்லி முன்பே அறிந்திருந்தார் என்பதற்கு நீதிபதி கோடார்டு பிரபு இத்தொடரையே சான்றாக ஜூரிக்குக் காட்டினார். அச்சுட்டு காவலரின் வினாவில் இருந்து வந்ததாயின், பென்ட்லியின் அறிவை அது காட்டாது. வினவியவரின் அறிவையே காட்டும்.

கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம்

தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்பனவும் அடங்கும். செய்யுளுக்கு வகுத்தவை நீதிமன்ற ஆவணத்திற்கு அப்படியே பொருந்தா. ஆயினும், ஒரு சொல் யாரால், யாருக்கு, எங்கு, எப்போது கூறப்பட்டது என்பதை அறியாமல் அதன் பொருளை அறிதல் இயலாது என்னும் அடிப்படை இரண்டிற்கும் பொது.

வாக்குமூலத்தின் எழுத்து வடிவம் இவ்வுறுப்புகளை மறைக்கும் தன்மையுடையது. தன்மை ஒருமையில் 'நான்' என எழுதப்படுவதால் கூற்று ஒருவருடையதே என்னும் தோற்றம் எழுகிறது. கேட்போராகிய காவலர் பனுவலில் இடம்பெறுவதில்லை. காவல் நிலையம் என்னும் களனும், நள்ளிரவு என்னும் காலமும் தலைப்புக்குறிப்பாகச் சுருங்குகின்றன. வினாக்கள் நீக்கப்பட்டு விடைகள் மட்டும் நிற்பதால், படிப்போர் நிரப்பிக்கொள்ள வேண்டிய எச்சம் ஒன்று உள்ளது என்பதே தெரிவதில்லை.

எழுத்தறிந்தோர் தம் வாக்குமூலத்தைத் தாமே படித்துப் பார்த்து மறுக்கவோ திருத்தவோ இயலும். எவன்ஸுக்கும் பென்ட்லிக்கும் அவ்வாய்ப்பு இல்லை. எழுதியவரே படித்துக்காட்ட, கேட்டவர் கையொப்பமிடுவதே அங்கு சரிபார்ப்பு. அறிவுவளர்ச்சி குன்றியோர் அதிகாரமுடையோரை மகிழ்விக்கும் பொருட்டு இசைவான விடை கூறுவதும், வினாவில் உள்ள குறிப்பைத் தம் நினைவாகவே ஏற்பதும் உளவியலார் கண்டறிந்தவை. கிஸ்லி குட்ஜான்சன் 1984இல் இத்தகைய ஏற்புத்தன்மையை அளப்பதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். எனவே இத்தகையோரின் வாக்குமூலத்தில் பிறர் கூற்று கலத்தல் எளிது. கலந்ததை அவர் உணர்ந்து மறுத்தல் அரிது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் பொற்கொல்லன் சொல்லால் கொலையுண்டான். அவன் கூற்றைக் கேட்பாரே இலர். எவன்ஸும் பென்ட்லியும் கேட்கப்பட்டனர். நீதிமன்றம், வழக்கறிஞர், மேல்முறையீடு அனைத்தும் அவர்களுக்குக் கிட்டின. ஆனால் அவர்தம் கூற்றாக அவையில் ஒலித்ததில் பிறர் குரலும் கலந்திருந்தது. கண்ணகி சிலம்பை உடைத்து மெய்ம்மையை நிறுவியதுபோல, இவர்களுக்காக வாக்குமூலத்தைப் பகுத்துக்காட்ட அன்று எவரும் அழைக்கப்படவில்லை.

தீர்ப்புகளின் பின்வரலாறு

எவன்ஸ் வழக்கை மீளாய்வு செய்த ஸ்காட் ஹென்டர்சன் 1953 ஜூலையில், கிறிஸ்டி தூக்கிலிடப்படுவதற்கு முன்னரே, எவன்ஸ் குற்றவாளியே என அறிக்கை அளித்தார். 1965–66இல் நீதிபதி பிராபின் நடத்திய விசாரணை வியப்புக்குரிய முடிவை எட்டியது. எவன்ஸ் மனைவியைக் கொன்றிருக்கக்கூடும். குழந்தையைக் கொன்றிருக்கமாட்டார் என்பது அது. தூக்கிலிடப்பட்டதோ குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காக. எனவே 1966 அக்டோபரில் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. உறவினர்க்கு இழப்பீடு வழங்குவது குறித்து ஆராய்ந்த பிரென்னன் பிரபு, மனைவியின் கொலையிலும் எவன்ஸைத் தொடர்புபடுத்தும் சான்று இல்லை எனக் கருதினார். 2004இல் உயர் நீதிமன்றம் அவர் இரு கொலைகளையும் செய்தவராகக் கருதப்படலாகாது என்றது. எனினும் செலவையும் பயனையும் கருதி வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு அனுப்ப மறுத்த முடிவில் அது தலையிடவில்லை. ஆகவே எவன்ஸ் மன்னிக்கப்பட்டார், தீர்ப்பு நீக்கப்படவில்லை.

பென்ட்லிக்கு 1993இல் தண்டனையளவில் மட்டும் மன்னிப்பு வழங்கப்பட்டது. 1998 ஜூலை 30 அன்று, பிங்கம் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே நீக்கியது. அதன் முதன்மை அடிப்படை, ஜூரிக்கு நீதிபதி கூறிய வழிகாட்டுரை நடுநிலை தவறியது என்பதாகும்.

மொழிச்சான்றின் எல்லையையும் இங்குக் குறித்தல் வேண்டும். ஒரு வாக்குமூலத்தில் இருவர் நடை கலந்துள்ளது என்பதால் குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் ஆகிவிடார். மெய்யான ஒப்புதலையும் காவலர் தம் நடையில் எழுதக்கூடும். எவன்ஸ் தாமாகவே காவல் நிலையம் சென்றதும், ஒன்றுக்கொன்று முரணாகப் பேசியதும் மறுக்க இயலாதவை. பிராபின் ஐயம் கொண்டதற்கு அவையும் காரணம். பனுவல் ஆய்வு நிறுவுவது இவ்வளவே: இவ்வாவணம் இவர் வாய்ச்சொல் அன்று, ஆதலின் ஓர் உயிரைப் பறிக்கும் சுமையை இதன்மேல் ஏற்றுதல் கூடாது.

உயிரோடிருத்தலின் வேறுபாட்டைப் பிறிதொரு வழக்கு காட்டுகிறது. 1972இல் இலண்டனில் நிகழ்ந்த கொலை ஒன்றில் மூன்று இளைஞர்கள் அளித்த ஒப்புதல்களின்பேரில் தண்டிக்கப்பட்டனர். அவருள் 18 வயதினரின் அறிவுநிலை எட்டு வயதளவினது. கொலைக்கான மரணதண்டனை 1965இல் நிறுத்தப்பட்டு 1969இல் நிலையாக ஒழிக்கப்பட்டிருந்தது. எனவே 1975இல் தீர்ப்பு நீக்கப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார். அவ்வழக்கை ஆராய்ந்த 1977ஆம் ஆண்டின் ஃபிஷர் அறிக்கையும் அதன்பின் அமைந்த அரச ஆணையமும் 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச்சான்றுச் சட்டத்திற்கு வழிவகுத்தன. விசாரணையை ஒலிப்பதிவு செய்தலும், அறிவுவளர்ச்சி குன்றியோரை விசாரிக்கும்போது துணையாக ஒருவர் உடனிருத்தலும் அதன்வழி நடைமுறைக்கு வந்தன. கேட்போரும் எச்சமும் பனுவலுக்குள் மீண்டும் இடம்பெற்றன எனலாம்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு, காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23ஆம் பிரிவு இதனைத் தொடர்கிறது. எவன்ஸின் வாக்குமூலங்களைப் போன்றவை இந்திய நீதிமன்றத்தில் ஒப்புதலாக ஏற்கப்பட்டிரா என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் 1987ஆம் ஆண்டின் தடாச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் பொடாச் சட்டமும் இதற்கு விலக்களித்தன. தடாச் சட்டத்தின்கீழ்ப் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, அவர் கூறியதை முழுமையாகத் தாம் எழுதவில்லை எனப் பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்படுத்தினார். பேரறிவாளன் 2022இல் விடுதலையானார். அறிவுநிலை குறைவு என்னும் கூறு இவ்வழக்கில் இல்லை. ஆயினும் சொன்னவருக்கும் எழுதியவருக்கும் இடையிலான இடைவெளி இதிலும் தெளிவு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. எவன்ஸ், பென்ட்லி வாக்குமூலங்கள் ஒருவர் கூற்றாகத் தோன்றினும், வினவியோர், எழுதியோர் நடையும் அவற்றில் கலந்துள்ளமையை மொழியாய்வு காட்டுகிறது.

2. அறிவுவளர்ச்சி குன்றியோர், எழுத்தறியாதோர் வாக்குமூலங்களில் இக்கலப்பு நிகழும் வாய்ப்பு மிகுதி. அதனை அவரே கண்டு மறுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

3. மொழிச்சான்று குற்றமின்மையை நிறுவாது. ஆவணத்தின் நம்பகத்தன்மையை அளப்பதே அதன் பணி.

4. மரணதண்டனை நிறைவேறிய வழக்கில் இவ்வளவை காலங்கடந்தே வருகிறது. எவன்ஸுக்கு 18 ஆண்டுகளும், பென்ட்லிக்கு 41 ஆண்டுகளும் கழித்து வந்தது.

தமிழில் பேசப்படுவது தமிழிலேயே எழுதப்படும்போதும், வட்டார வழக்கு அலுவல் நடையாக மாறுகிறது. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் கூற்றோ மொழிபெயர்ப்புக்கும் உள்ளாகிறது. பேச்சுத்தமிழ்த் தரவகமும் காவல் ஆவணத் தமிழின் நடையாய்வும் உருவாகுமாயின், ஸ்வார்ட்விக்கும் கூல்தார்ட்டும் ஆங்கிலத்தில் கேட்ட வினாவைத் தமிழிலும் கேட்க இயலும். பாடவேறுபாடு கண்டு மூலம் தேர்ந்த பதிப்பியல் மரபுடைய தமிழாய்வுக்கு இக்களம் புறம்பானதன்று.